தானாக அறுந்த காப்பு

11.2.2007, ஞாயிறு

அன்புள்ள அக்கா,

நல்லபடியாக வந்து சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது, இப்போதுதான் எழுத விட்டார்கள். எங்கே என்று கேட்காதே. ஊர்ப் பெயரை எழுதினால் கடிதம் உன் கைக்கு வராது. குளிர் என்று மட்டும் சொல்லலாம் என்று நினைக்கிறேன். மார்கழி விடியற்காலையில் நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் கையை விட்டால் எப்படி இருக்குமோ, இங்கே நாள் முழுக்க அப்படித்தான்.

முதல் நாளே எங்களை உட்காரவைத்து விதிகளைப் படித்துக் காட்டினார்கள். செல்போனையும் பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். வீட்டுக்குக் கடிதம் எழுதலாம், ஆனால் உறையை ஒட்டக்கூடாது. அது பெங்களூர் அலுவலகத்துக்குப் போய், அங்கே தமிழ் தெரிந்த ஒருவர் படித்துப் பார்த்த பிறகுதான் உனக்கு வரும். நீ எழுதுவதையும் அவர் பிரித்துப் படிப்பார். பெங்களூர் தபால்பெட்டி எண்ணுக்கு நீ முதலில் போட்ட கடிதம் அப்படித்தான் வந்தது. புதுப் புடவைக்குத் தறியில் எத்தனை அட்டை, எத்தனை இழை என்று எழுதியிருந்தாயே, அந்த எண்களைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. ஆகவே மாமாவைப் பற்றி என்னிடம் புலம்புவதானால் கொஞ்சம் பார்த்துப் புலம்பு.

வேலையைப் பற்றி இவ்வளவு சொல்லலாம் என்று அனுமதி வாங்கியிருக்கிறேன். செயற்கைக்கோள் என்றால் பஸ் அளவுக்கு இருக்கும் என்று நினைத்திருப்பாய். இது நம் வீட்டு கிரைண்டர் அளவுதான். எல்லாம் தனித்தனிப் பெட்டிகள். மின்கலத்துக்கு ஒன்று, படம் பிடிக்க ஒன்று, தரையோடு பேச ஒன்று. மூன்று நாட்டு ராணுவ ஆராய்ச்சிக்கூடங்கள் சேர்ந்து, ஆளுக்குச் சில பெட்டிகளாகச் செய்கின்றன. எந்த நாட்டுப் பெட்டியும் எந்த நாட்டுப் பெட்டியோடும் பொருந்த வேண்டும். அவசரம் வந்தால் வேண்டிய பெட்டிகளை எடுத்து மாட்டி, சில நாட்களில் மேலே அனுப்பிவிடலாம் என்பது திட்டம். என்ன அவசரம் என்று யாரும் சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை.

சேர்ந்து வேலை செய்கிறோமே தவிர ஒருவரை ஒருவர் நம்புவது கிடையாது. ஒரு பெட்டியை மூடினால் மூன்று நாட்டு அதிகாரிகளும் ஆளுக்கொரு முத்திரை வைக்கிறார்கள். அதை மறுபடி திறக்க மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். இதுவரை யாரும் திறக்கச் சொல்லிக் கேட்டதில்லையாம். கேட்கிறவர்மேல்தான் முதல் சந்தேகம் விழும் என்று எங்கள் குழுவின் மூத்தவர் மணவாளன் சார் சொன்னார்.

எனக்கு இங்கே பயமாக இருக்கிறது அக்கா. என்ன பயம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. நடைபாதையில் என் செருப்புச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்கிறது. அடிக்கடி எழுது.

உன்
சுகன்யா

* * *

ஆரணி
4.3.2007

சுகன்யாவுக்கு,

உன் கடிதம் ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு அனுப்பியது போல வந்து சேர்ந்தது. ஓரமெல்லாம் பழுப்பு டேப், மேலே வட்டமாக ஒரு முத்திரை. தபால்காரர் தள்ளி நின்றே நீட்டினார்.

முதலில், பிரித்துப் படிக்கும் அண்ணனுக்கு ஒரு வணக்கம். அண்ணா, நீங்கள் வட்டம் போட்ட எண்கள் எல்லாம் புடவைக் கரையில் வரும் அன்னப்பட்சிக்கான கணக்கு. நம்பிக்கை இல்லாவிட்டால் ஒருநாள் ஆரணிக்கு வந்து பாருங்கள், தறியில் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படியே உங்கள் வீட்டம்மாவுக்கு ஒரு புடவை எடுத்துக்கொண்டு போகலாம்.

இப்போது உனக்கு. போவதற்கு நாலு நாள் முன்னால்தான் என்னிடம் சொன்னாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அது இருக்கட்டும். போன வாரம் உன்னைப் பற்றி விசாரிக்க இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் போலீஸ் என்று பார்த்தாலே தெரிந்தது. இன்னொருவர் சிரித்துக்கொண்டே பேசினார். உனக்கு யார் யார் சிநேகிதம், வீட்டுக்கு வெளிநாட்டுக்காரர் யாராவது வந்ததுண்டா, உனக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்டார். கடைசிக் கேள்வியை நானும் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், பதில் கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள் என்றேன். உன் மாமா உள்ளே போய் ஒளிந்துகொண்டார்.

அவர்கள் தெருவிலும் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். மறுநாள் பட்டு நூல் வாங்கப் போனால் கடைக்காரர் சுப்பராயலு, "இன்னா ஜெயம், உன் தங்கச்சிய பத்தி போலீசு கேட்டுகினு போறான். அது அங்க இன்னாதான் பண்ணிகினு கீது?" என்று கேட்டார். கிரைண்டர் செய்கிறாள் என்றேன். பொய் இல்லையே.

உன் கையில் காப்பு இருக்கிறதா? போன ஆடியில் சந்தவாசல் தாண்டி நடந்தே போய், படவேட்டம்மனுக்குப் புடவை சாத்திவிட்டு, அந்தப் புடவையில் மிஞ்சிய சரிகையையும் சிவப்புப் பட்டையும் சேர்த்து, நீ கிளம்பிய அன்று நானே முறுக்கிக் கட்டியது. அங்கே கழற்றச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். கத்தரி மட்டும் பட்டுவிடக் கூடாது. நம் வீட்டில் ஒருத்தரும் காப்பை அறுத்தது கிடையாது. அதுவாக நைந்து அதுவாக விழ வேண்டும். விழுந்தால் வேண்டிக்கொண்டது நடந்துவிட்டது என்று அர்த்தம். நீ முழுசாக வீடு வந்து சேர வேண்டும் என்றுதான் நான் வேண்டிக் கட்டினேன்.

பயப்படாதே என்று சொன்னால் நீ கேட்கப்போவதில்லை. சின்ன வயதிலிருந்து இடி இடித்தால் என் முந்தானைக்குள் புகுந்தவள்தானே நீ. வேளைக்குச் சாப்பிடு.

ஜெயம்

* * *

10.6.2007

அக்கா,

இந்தக் கடிதத்தை யாரும் பிரித்துப் படிக்கவில்லை. மணவாளன் சார் மகள் கல்யாணத்துக்கு ஊருக்கு வருகிறார். என் ஸ்வெட்டரை உனக்கு அனுப்பச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கடிதம் அதன் மடிப்புக்குள் இருப்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் எடுத்துக்கொண்டு வரமாட்டார். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

காப்பு விழுந்துவிட்டது.

நீ சந்தோஷப்படுவாய் என்று தெரியும். கொஞ்சம் பொறு. வந்த அன்றே, உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக்கூடாது என்று மோதிரம், சங்கிலி, கம்மல் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். கழற்றினேன். காப்பை மட்டும் மறைத்துவிட்டேன். அதன்மேல் டேப்பைச் சுற்றி, ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டு, அதற்கும் மேலே கையுறை. தினமும் அப்படித்தான் உள்ளே போனேன். படித்த கழுதை என்று நீ திட்டலாம். கத்தரியைக் கையில் எடுத்த ஒவ்வொரு தடவையும் உன் முகம் ஞாபகம் வந்தது.

ஏப்ரலில் இங்கே ஒரு விபத்து. சோதனைக்கு வைத்திருந்த மின்கலம் ஒன்றுக்குள் பொடி உலோகத் துணுக்கு விழுந்திருக்கிறது. யாருக்கும் தெரியாது. மின்சாரம் ஏற்ற ஆரம்பித்ததும் குபுக்கென்று புகை வந்தது, அடுத்த நொடி தீ. யான் என்று ஒரு மெக்கானிக், என்னோடு நல்லபடியாகப் பேசும் மனிதர், அதைத் தூக்கி வெளியே எறியப் போய் இரண்டு உள்ளங்கையும் வெந்துவிட்டது. இன்னும் கட்டு பிரிக்கவில்லை. அன்று சாயந்திரம் நான் காப்பை அறுத்திருக்க வேண்டும். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் அதிகமாகி, அதை இறுகப் பிடித்துக்கொண்டு படுத்தேன். பயந்தவளுக்குப் புத்தி எங்கே வேலை செய்யும்?

மே கடைசியில் மின்கலப் பெட்டிக்குள் ஒயர்களைப் பொருத்தும் வேலை எனக்கு வந்தது. முழங்கை வரை உள்ளே விட்டு வேலை செய்தேன். பெட்டியை மூடி மூன்று முத்திரையும் வைத்தாகிவிட்டது. அறைக்கு வந்து ஸ்வெட்டரைக் கழற்றினால் மணிக்கட்டில் டேப் மட்டும் தொங்குகிறது. காப்பு இல்லை. படுக்கை, குளியலறை, கையுறைத் தொட்டி, எல்லா இடமும் தேடினேன். உனக்கு அனுப்புகிற இதே ஸ்வெட்டரையும் உதறிப் பார்த்தேன்.

சரிகை என்றால் என்னவென்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பட்டு இழைமேல் சுற்றிய வெள்ளிக் கம்பி. மின்சாரம் அதன் வழியாக ஓடும். இப்போது அந்தப் பெட்டி குறைந்த மின்சாரத்தோடு பாதி உறக்கத்தில் இருக்கிறது, அதனால் ஒன்றும் ஆகவில்லை. ஏவுதளத்துக்குக் கொண்டுபோன பிறகுதான் முழு மின்சாரம் ஏற்றுவார்கள். அதுவரை லாரியிலும் விமானத்திலும் குலுங்கிக்கொண்டு போகும். அந்த நூல் உள்ளே இருந்தால் நகர்ந்து எங்கே போய் உட்காரும் என்று யார் கண்டார்கள்? மின்சாரம் ஏற்றும்போது ஒருவர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒருவேளை அது உள்ளேயே இல்லாமலும் இருக்கலாம். தண்ணீரோடு போயிருக்கலாம். எனக்குத் தெரியவில்லை.

சொன்னால் மூன்று நாட்டு அதிகாரிகள் முன்னால் பெட்டியைத் திறப்பார்கள். இந்தியப் பெண் ஒருத்தி ராணுவச் செயற்கைக்கோளுக்குள் கம்பியைப் போட்டாள் என்றுதான் எழுதுவார்கள். அம்மன், ஆடி, வேண்டுதல் என்று நான் சொன்னால் யாருக்குப் புரியும்? மணவாளன் சார் உட்பட எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் கெட்ட பெயர். பாஸ்போர்ட் அவர்களிடம் இருக்கிறது. சொல்லாவிட்டால், யானுக்கு ஆனது இன்னொருவருக்கு ஆகும். நான் சாப்பிட்டுப் பல நாள் ஆகிறது அக்கா. சாப்பிட்டால் நிற்பதில்லை.

என்ன செய்யட்டும், நீ சொல். நேராக எழுதாதே. கோயிலுக்குப் போனேன் என்று எழுதினால், சொல்லிவிடு என்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன். போகவில்லை என்று எழுதினால் வாயை மூடிக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அப்பா விஷயத்தில் செய்தது போலச் செய்யாதே. என் கடைசிப் பரீட்சையின்போது ஹாஸ்டலுக்குப் போன் செய்து, அப்பா கடைக்குப் போயிருக்கிறார், சௌக்கியமாக இருக்கிறார் என்று தினமும் சொன்னாய். நான் வந்து சேர்ந்தபோது அவரை எடுத்து மூன்று நாள் ஆகியிருந்தது. ஏன் மறைத்தாய் என்று கேட்டதற்கு, நான் பயந்துவிடுவேன் என்று சொன்னாய். நான் பயந்தாலும் பரவாயில்லை, எனக்கு உண்மையைச் சொல்.

சுகன்யா

* * *

ஆரணி
24.6.2007

சுகன்யாவுக்கு,

மணவாளன் சார் கூரியரில் அனுப்பிய ஸ்வெட்டர் வந்து சேர்ந்தது. மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்ததாம். இந்த ஆரணி வெயிலில் நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு எங்கே போவேன் என்று நினைத்து அனுப்பினாயோ தெரியவில்லை. ஆனாலும் வீட்டில் எல்லோரும் ஒருதரம் போட்டுப் பார்த்தாகிவிட்டது.

கோயிலுக்குப் போகவில்லை. போகலாம் என்றுதான் இருந்தேன், அதற்குத் தேவை இல்லாமல் போய்விட்டது. ஸ்வெட்டரைத் துவைக்கலாம் என்று உள்புறம் திருப்பினேன். இடது கையில், முழங்கைக்குக் கொஞ்சம் மேலே கம்பளி நூல் பிரிந்து சிக்கலாக இருக்கிறதே, அதற்குள் உன் காப்பு மாட்டிக்கொண்டிருந்தது. முள்ளில் துணி மாட்டியது போல அப்படி இறுக்கமாக மாட்டியிருந்தது. ஊசியை வைத்து நெம்பித்தான் எடுக்க முடிந்தது. நீ உதறினால் எப்படி விழும்?

இதோடு வைத்து அனுப்பியிருக்கிறேன். பார், சரிகை கறுத்துப்போய், பட்டு நைந்து, முடிச்சுப் பக்கத்தில் அறுந்திருக்கிறது. அதுவாகவே அறுந்திருக்கிறது. வேண்டுதல் பலித்துவிட்டது, இனி நீ நிம்மதியாக வேலையை முடித்துவிட்டு வா. பிரித்துப் படிக்கும் அண்ணா, இது வெறும் கைக்காப்பு, எங்கள் தெருவில் பிள்ளைகள் எல்லோர் கையிலும் இருக்கும். தயவுசெய்து எடுத்துவைத்துக்கொள்ளாதீர்கள்.

பவர்லூம் ஓடாமல் இரண்டு நாளாக மாமாவுக்கு ஒரே பேஜார். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடிவதில்லை. வேறு விசேஷம் இல்லை. வயிறு நிறையச் சாப்பிடு. நன்றாகத் தூங்கு.

ஜெயம்

* * *

15.7.2007

என் அக்காவுக்கு,

வந்தது. கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து அழுதேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், பிறகு சிரித்தேன். பக்கத்து அறைப் பெண் வந்து கதவைத் தட்டி, ஊரில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். எல்லோருக்கும் உடம்பு சரியாகிவிட்டது என்றேன்.

போன திங்கட்கிழமை காலையில் பெரிய அதிகாரி ஒருவரைப் பார்த்து ஒரு விஷயம் பேசுவதாக நேரம் வாங்கியிருந்தேன். என்ன பேசுவது என்று எழுதி மனப்பாடம்கூடச் செய்துவிட்டேன். அதற்கு முந்தின சனிக்கிழமை உன் கடிதம் வந்தது. திங்கட்கிழமை அவர் எதிரே போய் உட்கார்ந்து, எனக்கு விடுமுறை எப்போது கிடைக்கும் என்று கேட்டுவிட்டு வந்தேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

அப்பா விஷயத்தை மறுபடி எடுத்ததற்கு என்மேல் கோபம் இல்லையே? அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அப்புறம் நினைத்துக்கொண்டேன். என்னை இவ்வளவு தெரிந்தவள் உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? ஸ்வெட்டர் சிக்கலுக்குள் தேடிப் பார்க்க உனக்குத்தான் தோன்றும்.

ஒரு நல்ல செய்தி. நாளைக்கு நாங்கள் கிரைண்டரோடு ஏவுதளத்துக்குக் கிளம்புகிறோம். அங்கே முழு மின்சாரம் ஏற்றும்போது யார் பக்கத்தில் நிற்பது என்று கேள்வி வந்தது. யானுக்கு நடந்ததைப் பார்த்த பிறகு எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் நிற்கிறேன் என்றேன். மணவாளன் சார் ஆச்சரியப்பட்டார். அவருக்கு எங்கே தெரியும், அந்தப் பெட்டிக்குள் ஒன்றும் இல்லை என்று இந்த உலகத்தில் நிச்சயமாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று. எனக்குப் பயமே இல்லை அக்கா. முதல் தடவையாக எனக்குப் பயம் இல்லை. மின்சாரம் ஏற்றுவது ▇▇▇▇▇▇▇▇ அன்று. ஆறு மணி நேரம் அதோடு நானும் ஒரே அறைக்குள் இருப்பேன்.

அங்கே போன பிறகு கடிதம், போன் எதுவும் கிடையாது. எல்லாம் முடிந்த பிறகுதான் எழுத முடியும். உன் காப்பைப் பர்சில் வைத்திருக்கிறேன். இந்தத் தடவை விதியை மீறவில்லை, பர்ஸ் வெளியே பெட்டியில்தான் இருக்கும்.

ஆடி பிறக்கப்போகிறது. படவேட்டுக்கு எனக்கும் சேர்த்துப் போய்விட்டு வா.

உன்
சுகன்யா

* * *

ஆரணி
1.8.2007, புதன்

பிரித்துப் படிக்கும் அண்ணனுக்கு,

இந்தக் கடிதம் சுகன்யாவுக்கு இல்லை, உங்களுக்குத்தான். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. இத்தனை மாதமாக எங்கள் வீட்டுச் சமாசாரம் எல்லாம் படித்த உரிமையில் உங்களை அண்ணன் என்றே கூப்பிடுகிறேன். என்னைத் திட்டுவதை எல்லாம் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் முழுதாகப் படித்துவிடுங்கள்.

ஜூன் மாதம் நான் அனுப்பிய கடிதத்தோடு ஒரு சரிகைக் காப்பு இருந்தது. நீங்களும் கையில் எடுத்துப் பார்த்திருப்பீர்கள். அது என் தங்கை கையிலிருந்து விழுந்தது இல்லை. நான் புதிதாக முறுக்கியது.

அவள் கையில் கட்டியிருந்த காப்பு மே மாதக் கடைசியில் அறுந்து விழுந்துவிட்டது. அவள் அன்று மின்கலப் பெட்டிக்குள் கைவிட்டு வேலை செய்திருக்கிறாள். காப்பு அதற்குள் விழுந்திருக்குமோ என்று பயந்து, உங்கள் கண்ணில் படாத வழியில் எனக்கு எழுதினாள். அவள் காப்பைக் கழற்றாமல் மறைத்தது தப்பு. உங்களுக்கு மறைத்து எனக்கு எழுதியதும் தப்பு. அதை நான் மூடி மறைக்கவில்லை. ஆனால் அவள் உண்மையைச் சொல்லத் தயாராக இருந்தாள். சொல்ல விடாமல் செய்தது நான்.

ஸ்வெட்டர் வந்ததும் அதை இழை இழையாகப் பிரித்துத் தேடினேன். ஒரு தலைமுடி கிடைத்தது, வேறு ஒன்றும் இல்லை. அவள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சாப்பிட்டால் நிற்பதில்லை என்று எழுதியிருந்தாள். கோயிலுக்குப் போனேன் என்று நான் எழுதினால் உண்மையைச் சொல்லிவிடு என்று அர்த்தம், சொன்னால் அவளை ஜெயிலில் போடுவார்கள். போகவில்லை என்று எழுதினால் அவள் பயந்தே செத்துப்போவாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. போன வருஷத்துச் சரிகையில் கொஞ்சம் மீதி இருந்தது. முதல் காப்பை முறுக்கியதும் முடிச்சுப் போட்டதும் நான்தான் என்பதால் அவளால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது என்று தெரியும். புதுசாக மின்னக்கூடாதே என்று ஒரு வாரம் என் கையிலேயே கட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்தேன். சாம்பலும் புளியும் பட்டு அது நைந்தது. அப்புறம் நானே இழுத்து அறுத்தேன்.

அவள் இனி நிம்மதியாகச் சாப்பிடுவாள் என்று மட்டும்தான் நினைத்தேன் அண்ணா. மூன்று நாடு சேர்ந்து செய்கிற சாமான், அதைப் பார்த்துக்கொள்ள எத்தனையோ பேர் இருப்பார்கள், ஒரு நூல் என்ன செய்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மின்சாரம் ஏற்றும்போது பக்கத்தில் யாராவது நிற்க வேண்டும் என்று அவள் எழுதியதைப் படித்தேன். அந்த யாரோ அவளாக இருப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவள் இடிக்குப் பயந்தவள். அவள் எப்படிப் போய் நிற்பாள்?

நேற்று மதியம்தான் அவள் ஜூலைக் கடிதம் என் கைக்கு வந்தது. சிரித்துக்கொண்டே படித்தேன். நான் நிற்கிறேன் என்று அவள் எழுதியிருந்த இடம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அவளுடைய பயம்தான் அவளுக்குக் காவலாக இருந்தது. அதை நான் பிடுங்கிவிட்டேன்.

கூரியர் கவரில் இருந்த நம்பரைப் பார்த்து மணவாளன் சார் வீட்டுக்குப் போன் செய்தேன். அவரும் திரும்பிப் போய்விட்டாராம். அவர் மனைவி உங்கள் அலுவலகம் இருக்கும் இடத்தை மட்டும் சொன்னார், போன் நம்பர் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார். இன்று சாயந்திரம் என் வீட்டுக்காரர் லோகநாதனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு பேர் விசாரிக்க வந்தபோது உள்ளே போய் ஒளிந்தவர் அவர். இப்போது பயந்து கத்துவார் என்று நினைத்தேன். அவர் தறியை நிறுத்திவிட்டு வந்து என்னைப் பார்த்தார். "தபால்ல போட்டா வேலைக்கு ஆவாது. எழுது, எடுத்துகினு போய் நேர்ல குடுக்கலாம். நானும் வரேன். ஜல்தி கெளம்பு" என்றார். அதனால்தான் இதில் தபால் முத்திரை இல்லை. வேலூர் போய் அங்கிருந்து பஸ் பிடிக்கிறோம். நாளைக் காலையில் உங்கள் வாசலில் இருப்போம். எங்களை உள்ளே விடமாட்டார்கள் என்று தெரியும். கடிதத்தையாவது உள்ளே கொண்டுபோய்க் கொடுங்கள் என்று வாட்ச்மேன் காலில் விழுந்தாவது கொடுத்துவிடுவேன்.

அண்ணா, ஒரு போன் செய்யுங்கள். அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மூன்று கையெழுத்து கிடைக்க நேரம் ஆகும் என்றால், முதலில் அவளை அந்த அறையை விட்டு வெளியே வரச் சொல்லுங்கள். சிவப்புப் பட்டும் சரிகையும் சேர்த்து முறுக்கியது, என் சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். உள்ளே இல்லாவிட்டால் அம்மன் புண்ணியம். இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். கத்தரியோ இடுக்கியோ எது பட்டாலும் இனிப் பரவாயில்லை.

பொய் சொன்னவள் நான். அதற்கு என்ன தண்டனை உண்டோ எனக்குக் கொடுங்கள், ஓடமாட்டேன். இந்தக் கடிதத்தால் அவள் வேலை போகும். நான் இரண்டாவது தடவையும் அவளை ஏமாற்றினேன் என்று தெரிந்தால் ஜென்மத்துக்கும் என்னோடு பேசமாட்டாள். பேசாமல் இருக்கட்டும். அதற்காவது அவள் இருக்க வேண்டும்.

அவள் கடிதத்தில் தேதி இருந்த இடத்தை நீங்கள் கறுப்பு மையால் அழித்திருக்கிறீர்கள். உங்கள் வேலையைத்தான் செய்தீர்கள், குறை சொல்லவில்லை. விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். திருப்பிப் போட்டு, அவள் பேனா அழுத்திய தடத்தைத் தடவியும் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அது நாளைக்கா, போன வாரமா, இந்த நிமிஷமா, எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியும்.

வாசலில் பச்சைப் புடவை கட்டிக்கொண்டு நிற்பவள் நான். உள்ளே கூப்பிட வேண்டாம். அந்தத் தேதி இன்னும் வரவில்லை என்று மட்டும் யாரிடமாவது சொல்லி அனுப்புங்கள்.

ஜெயம்